ஏழாவது பட்டன்

"சார், ஏழாம் நம்பர் டிக்கெட் வாங்கினவர் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். இறக்கி விடவா, இல்ல அங்கேயே ஆணி அடிச்சு மாட்டிடவா?"

போனில் தியேட்டர் கவுண்டர்காரரின் குரல். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் சீட்டு காலியாகத்தான் இருக்கும், அங்கே உட்கார வையுங்கள் என்றான் அவன்.

சொல்லிப் பார்த்தாயிற்றாம். ஆறாம் சீட்டில் அந்த ஆளின் மனைவியாம். அவளை விட்டுவிட்டுக் கோடியில் போய் உட்கார மாட்டேன் என்கிறாராம். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூணோடு ஒட்டிப் போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். படம் பாதி, தூண் பாதி.

சாயங்காலக் காட்சிக்குள் சரியாகாவிட்டால் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுக் கவுண்டர்காரர் போனை வைத்தார்.

அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கை அந்தத் தியேட்டர்தான்.

போனை மேசையில் வைத்த பிறகுதான் அந்த 'சார்' உறுத்தியது. அந்த மனிதர் அவனை எப்போதும் 'சின்னவரே' என்றுதான் கூப்பிடுவார். எப்போது மாற்றிக்கொண்டார் என்று யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை.

அறையில் இரண்டு மேசைகள். எதிர் மேசையில் கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தியிருந்தது. மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் துணியின் ஓரம் லேசாக எழுந்து அடங்கும்.

பழைய புரோகிராமையும், தான் மாற்றி எழுதிய புதியதையும் திரையில் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டான்.

தியேட்டரின் கடைசி வரிசை. ஒரு சீட்டுக்கு ஒரு பட்டன்; அழுத்தினால் அந்த எண்ணில் டிக்கெட் வரும். பழைய முறையில் அத்தனை பட்டனுக்கும் ஒரே பெயர். எண் மட்டும் வேறு. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

நடுவில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை தங்கள் எண்ணை விடாது. ஆறு, அப்புறம் எட்டு. இடையில் ஒரு பள்ளம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

புதியதை எழுதப் பயன்படுத்திய பிரேம்வொர்க்கில் அந்த ஏற்பாடே கிடையாது. பட்டன்களை அவனாகவே ஒரு பட்டியலில் போட்டு வைத்திருந்தான். பட்டியலுக்குப் பள்ளம் தெரியாது. நிற்கிற வரிசையில் எண்ணிக்கொண்டு போகும். எட்டு ஓரடி முன்னால் வந்து ஏழாகிவிட்டது. ஒன்பது எட்டாகிவிட்டது. கடைசியில் பன்னிரண்டு என்ற எண்ணே இல்லாமல் போயிற்று. ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் நெருக்கி நின்றுகொண்டன.

ஏழாம் சீட்டு ஒரு காலத்தில் இருந்ததுதான். கூரை ஒரு பக்கம் இறங்கியபோது, அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தூணை நிறுத்தினார்கள். மற்ற சீட்டுகளில் பெயிண்டால் எழுதியிருந்த எண்ணை யாரும் அழித்து எழுதவில்லை.

எதிர் மேசையில் உட்கார்ந்து பழைய புரோகிராமை எழுதியவரோடு அவனும் சீட்டு எண்ணப் போயிருந்தான். அவர் ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தட்டித் தட்டிச் சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். தூண் வந்தது. அதன் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டி, "ஏழு" என்றார். சிரித்த சிரிப்பில் கவுண்டர்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

சீட்டு எண்ணைத் தனியாக எழுதி அந்தந்தப் பட்டனோடு கட்டிவிடலாம். ஒழுங்கான வழி அதுதான். பெரிய வேலையும் இல்லை. அதற்கப்புறம், ஏழு என்று ஒன்று இருந்ததே புரோகிராமுக்குத் தெரியாது.

எழுதினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தான்.

எழுதியவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கை தானாகப் போனுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது போலத் திரும்பி வந்தது.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு பட்டனை வைத்தான். திரையில் தெரியாதபடி மறைத்தான். அழுத்த முடியாதபடி பூட்டினான். இனி யாரும் அதைப் பார்க்க முடியாது, விற்க முடியாது. ஆனால் எண்ணும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஓடவிட்டுப் பார்த்தான். ஆறு. எட்டு. கடைசியில் பன்னிரண்டு.

தியேட்டருக்கு அனுப்பி வைத்தான். காட்சி தொடங்குவதற்கு முன்பே கவுண்டர்காரரிடமிருந்து செய்தி வந்துவிட்டது. எல்லாம் சரியாக வருகிறதாம். முதலாளிக்கும் திருப்தியாம். அதன் முடிவிலும் ஒரு 'சார்'.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. குழந்தைக்குக் காலையிலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம். இப்போதுதான் வாயில் வந்திருக்கிறதாம்.

"இருடா, வச்சிடாத. உன்னைக் கூப்பிடறா கேளு."

போன் எங்கேயோ உரசியது. கொஞ்சம் எச்சில் சத்தம். பிறகு, தெளிவாக:

"மாமா."

அக்கா சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். நேரம் போகப் போகச் சிரிப்பு அடங்கி, கேட்டுச்சா, கேட்டுச்சா என்றாள்.

"சின்ன மாமான்னு சொல்லச் சொல்லுக்கா."

"இனிமே ஒரே மாமாதானேடா, எதுக்கு சின்..." என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பியது. துணியின் ஓரம் எழுந்து அடங்கியது.

பிறகு, போனை விட்டுத் தள்ளி, அவள் குரல் கேட்டது.

"அப்படி இல்லடி தங்கம். சின்ன மாமா."