ஊதிய பை

ஆலையில் கசிவு ஏற்பட்ட பிறகு, உள்ளே வேலை பார்த்தவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். மூச்சில் கதிர்வீச்சின் தடம் தெரிந்தால் மூடிய வண்டியில் ஏற்றிவிடுவார்கள். முதலில் ஏறிப் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மாசிலாமணி பையை ஊதாமல் வேலியோரம் நகர்ந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் குழந்தையோடு நின்ற அவன் மனைவி பூவாத்தாள் கையை நீட்டினாள்.

"இப்படிக் குடுங்க. நான் ஆலை வாசலைக்கூட மிதிச்சதில்ல."

யாரும் பார்க்காதபோது ஊதி, பையின் வாயை இறுக்க முறுக்கி அவனிடம் கொடுத்தாள்.

பைகளை உள்ளே வாங்கிப்போய்ச் சோதித்த டாக்டர் சற்று நேரத்தில் வெளியே வந்தார். "மாசிலாமணி யாருப்பா? வண்டியில ஏறு."

அவன் திரும்பினான். அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுடைய வேலைச் சட்டைகளைத் தினமும் அலசிப் பிழிந்த கை. நைந்துபோனவற்றைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி கட்டிய கை.

மாசிலாமணி வண்டிப் பக்கம் போகவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், ஊதத் தெரியாத குழந்தைக்கு எப்படி சார் பார்ப்பீங்க?"