ஏறாத தோட்டா

துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினேன். பாதி வழியில் நின்றுவிட்டது.

பெருநாளுக்கு மறுநாள். இரண்டு ஊர் ஆட்களும் பள்ளத்தாக்கில் கூடியிருந்தார்கள். எதிர்ச் சரிவில் ஒரு வெள்ளைத் தகடு. கடைசியாகச் சுட வேண்டியவன் நான். அடித்தால் வெற்றி எங்களுக்கு.

மறுபடி தள்ளினேன். தோட்டா மூக்கை மட்டும் நீட்டிவிட்டு அடம்பிடித்தது.

வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி அது. பத்துத் தோட்டா பிடிக்கும் என்பதால் ஒமானில் எங்கள் மலைப்பக்கம் அதை ‘பத்துப் பிள்ளைக்காரி’ என்போம். யாருடையது மக்கர் செய்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் நான் பதறவில்லை. பாடம் நடத்தினேன்.

“தூசி” என்றேன், நாடி பிடித்த வைத்தியனைப் போல. ஊதினேன். எண்ணெய் விட்டேன். தூசி சேறானது.

“ஸ்பிரிங்” என்றேன். தோட்டாப் பெட்டியின் அடியில் உள்ளங்கையால் தட்டினேன். கை வலித்தது.

“இப்ப வர்ற தோட்டாவே சரியில்ல” என்றேன்.

அதைப் பெட்டியில் நிரப்பியது நான். எனவே நிரப்பிய விதத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

எனக்கு முன்னால் சுட்ட பக்கத்து ஊர் முஸல்லம் தாடியைத் தடவிக்கொண்டு எட்டிப்பார்த்தான்.

“உஸ்தாது, பத்துப் பிள்ளைக்காரிக்கு இன்னிக்கு முதல் பிள்ளையே வர மாட்டேங்குதே!”

எங்கள் ஊர்க்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

நடுவர் கையை உயர்த்தினார். என் முறை போயிற்று. தோற்ற ஊர் விருந்து வைக்க வேண்டும். குழியில் வெந்த எங்கள் ஆட்டை அவர்கள் ருசித்துத் தின்றார்கள், கூடவே என்னையும்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியைக் கழற்றினேன்.

இந்தத் தோட்டாவுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நான் ஊருக்கெல்லாம் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

மேலே இருந்த தோட்டா பின்னால் உட்கார்ந்திருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று குனிந்தபோது, காப்பியோடு என் மனைவி ஸுவைனா வந்து நின்றாள்.

“உங்க கை தப்பு பண்ணல. நீங்க நிரப்பினதை ராத்திரி நான்தான் மாத்தி வெச்சேன்.”

“ஊர் மானமே போச்சேடி!”

“போனாப் போகட்டும். போன வாரம் பள்ளிவாசல் முன்னாடி கட்டியிருந்த கழுதைக்கு சலாம் சொன்னீங்க. அது பதில் சொல்லலன்னு கோவிச்சுக்கிட்டு வேற வந்தீங்க. இன்னிக்கு அந்தத் தகட்டுப் பக்கத்துல, பாறைக்குப் பின்னாடி, குண்டு பட்டுச்சான்னு கொடி காட்ட உக்காந்திருந்தது யாரு? எனக்கு இருக்கிறது ஒரே தம்பிங்க.”

காப்பியை வாங்கிக்கொண்டேன்.

தகடு வெள்ளை என்பது பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முஸல்லம் துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டினானோ, அந்தப் பக்கம் நானும் நீட்டியிருந்தேன்.