வெளிச்சக் கிணறு

சான் பிரான்சிஸ்கோவில் விலைக்கு வந்திருந்த பழைய அடுக்குமாடி வீட்டைப் பார்க்க அகிலனும் பிரீத்தியும் போயிருந்தார்கள். முன்பே வந்து சுற்றிக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாள் தாமாகவே பேச்சுக் கொடுத்தார்.

“1906 பூகம்பத்துக்கு அப்புறம் அவசர அவசரமா கட்டின பில்டிங். இந்தத் துருத்தின ஜன்னல் அழகுதான், ஆனா குளிர்ல பக்கத்துல உட்கார முடியாது.”

“நீங்களும் ஆஃபர் போடறீங்களா ஆன்ட்டி?” அகிலன் சிரித்தான்.

“பில்டிங் நடுவுல பாருங்க, வெளிச்சத்துக்காகக் கிணறு மாதிரி திறந்து விட்டிருக்கான். பெட்ரூம்ல தும்மினா கிச்சன்ல கேக்கும். பிரைவசியே கிடையாது.”

“நம்மளக் கிளப்பிவிடப் பாக்கறாங்க,” என்று பிரீத்தி கிசுகிசுத்தாள்.

அதற்குள் ஏஜென்ட் சண்முகப்ரியா ஓடி வந்தாள். “ஆன்ட்டி! வாங்கறவங்க வந்து பாக்கற ஓப்பன் ஹவுஸ் அன்னிக்கு ஓனர் இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

பிரீத்தி திகைத்தாள். “உங்க வீட்டையா ஆன்ட்டி இவ்வளவு குறை சொன்னீங்க?”

“பையன் டெக்சாஸுக்குக் கூப்பிடறான். யாரும் வாங்கலைன்னா இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாத்தேன்மா. எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தப்போ, அவர் கூப்பிட்டதெல்லாம் அந்தக் கிணறு வழியாத்தான் கிச்சன்ல எனக்குக் கேட்டுது.”

குளிருக்காக ஏஜென்ட் மூடி வைத்திருந்த, கிணற்றைப் பார்த்த சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அந்த அம்மாள் வெளியே போனார்.