வெற்று நேரத்தில் ஒரு விமானம்

மெல்பேர்ணிலிருந்து இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பத்தே முக்கால் மணி நேரப் பயணம்.

சிங்களப் புத்தாண்டுக்கான நல்ல நேரங்கள் வெளியான அன்றே, கணக்குப் போட்டு இந்த டிக்கெட்டை எடுத்திருந்தாள் தினுஷி.

விமானம் காலையில் கிளம்பிய சற்று நேரத்தில் நோனகதே தொடங்கிவிட்டது. பழைய வருடத்துக்கும் புது வருடத்துக்கும் நடுவே வருகிற வெற்று நேரம். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. சிங்கள வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள்.

பாதி இருக்கைகள் காலி.

"நோனகதேக்குள்ள ஆராவது பயணம் போவாங்களா, மகள்?" என்று கேட்டார் பக்கத்து இருக்கைப் பெரியவர்.

"நீங்க போறீங்களே, அங்கிள்."

"எனக்கு டிக்கெட் மலிவு. உங்களுக்கு?"

தினுஷி சிரித்தாள்.

பல் விளக்கவும் நேரம் பார்ப்பவள் அவள் அம்மா. பொருத்தமெல்லாம் பார்த்து அம்மா குறித்த திருமண நாளில்தான் தினுஷி மெல்பேர்ணுக்கு விமானம் ஏறினாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு அம்மா தொலைபேசியில் பேசியது ஒரே வாக்கியம்.

"இனி ஒரு நல்ல நேரத்திலயும் இந்த வாசல மிதிக்காத."

நல்ல நேரத்தில்தானே கூடாது?

மூன்றே காலுக்கு இறங்கினால் நாலரைக்குள் கம்பஹா வீடு. ஐந்தரைக்குத்தான் அடுப்பு மூட்டும் நல்ல நேரம். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டால் அம்மாவின் வாக்கும் உடையாது, மகளும் வீட்டுக்குள். அம்மா வாயே திறக்க முடியாது.

தம்பி கவிந்துவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். வீட்டில் மூச்சு விடாதே என்றும் சொல்லியிருந்தாள்.

எதிர்காற்று அரை மணி நேரத்தைத் தின்றது. பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது.

கட்டுநாயக்கவுக்கு மேலே இடிமழை. விமானம் நீர்கொழும்புக் கடலைச் சுற்றியது. திரையில் மீதித் தூரம் இருபது கிலோமீட்டர் என்றது. அப்புறம் நாற்பது. மறுபடி இருபது.

"விசர் மழை," என்றார் பெரியவர்.

பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வெளிவாசலுக்கு வந்தபோது வெடிச் சத்தம் கேட்டது.

ஒரு வீட்டில் அல்ல. நாலா திசையிலும், ஊர் முழுக்க, ஒரே நேரத்தில்.

அடுப்பு மூட்டியாயிற்று. நல்ல நேரம் வந்துவிட்டது.

கவிந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னை ஒரு ஹோட்டல்ல விட்டுடு, தம்பி. அம்மா இப்ப பால் பொங்க வச்சிருப்பா."

"அம்மா வீட்டிலயா, அக்கே?" என்று கேட்டுவிட்டு அவன் விலகி நின்றான்.

டாக்சிக்காரர்களுக்கு நடுவே, இரும்புத் தடுப்பைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். அடுப்பு மூட்டுகிறவர்கள் இந்த வருடம் உடுத்த வேண்டிய பச்சை நிறத்தில் புதுச் சேலை. மழையில் பாதி நனைந்திருந்தது.

மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிளேன நேரத்துக்கு ஓட்ட ஒருத்தனுக்கும் தெரியாதா உங்கட ஊர்ல?"

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

"கெதியா வா. வீட்டுல அடுப்பு இன்னும் மூட்டல."