குரலுக்கு ஒரு தனி வரிசை

ஒன்பது நாட்களாக அந்தக் குரல் உடைந்து உடைந்துதான் வந்தது. நெட்வொர்க் கார்டில் தகவல்களை வெளியே அனுப்ப எட்டு வரிசைகள் இருந்தன. பழைய நிரலோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. முன்னால் பெரிய கோப்பு ஒன்று நின்றால், பின்னால் வரும் பேச்சு காத்துக் கிடந்து சிதறிப்போகும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சங்கமித்ரா, குரலுக்குத் தனி வரிசை ஒதுக்கி நிரலை மாற்றிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் தன் தங்கையின் குரல் செய்தியையே அனுப்பினாள். வீட்டில் அம்மா அதை ஒலிக்கவிடுவதில்லை.

பத்தாம் நாள் மாலை, பெரிய கோப்பு தன் வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும்போதே, எதிர்மேசைக் கணினியில் குரல் முழுதாக ஒலித்தது.

"அக்கா, வரும்போது இட்லி மாவு வாங்கிட்டு வா. மறந்தா, வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

எதிர்மேசை நஸ்ரீன் கைதட்டினாள். "அப்பாடா! அந்த வாய்ஸ் ஃபைலை அழிச்சிடுப்பா. டீமுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"அதான் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே!"

சங்கமித்ரா மறுபடி அனுப்பினாள். ஒரு சொல்லும் சிதறவில்லை. கடைசியில் இருந்த சிறு சிரிப்புகூட வந்து சேர்ந்தது. இத்தனை நாள் சோதனையிலும் அது கேட்டதே இல்லை.

நஸ்ரீன் பையை எடுத்துக்கொண்டாள். "எந்திரிடி. இன்னிக்காவது மாவு வாங்கிட்டுப் போ. பாவம், எத்தனை நாளாக் கேக்குது அந்தப் பொண்ணு."

சங்கமித்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ செத்துட்டா, நஸ்ரீன்."