அம்புக்குறி

"பழசுல இருந்த எக்ஸ்ரே எல்லாம் இதுல ஏத்தியாச்சு சார்" என்று கம்ப்யூட்டர் கடை மெர்லின் புதுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பல் டாக்டர் தேவசகாயம் மவுஸைத் தொட்டதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்புக்குறி கிடுகிடுவென்று ஆடியது. "இந்த நடுக்கத்துக்காகத்தானே பழசைத் தூக்கிப் போட்டேன்? அதையும் ஏம்மா சேத்துக் கொண்டாந்தே?" "செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே வேணும்னீங்களே சார்." "அப்படியேன்னா அதோட வியாதியுமா? மூணு மவுஸ் மாத்தியாச்சு, மேசையை மாத்தியாச்சு. இனி கிளினிக்கையே மாத்தணுமா?" ஊசி போட்டுக்கொண்டு, வாய் மரத்துப்போகக் காத்திருந்த ஞானசெல்வம் டீச்சர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "பாவம் டாக்டர், அந்தப் புள்ளைய விடுங்க" என்றாள். "குடுங்க சார், பாக்கிறேன்." மெர்லின் மவுஸைப் பிடித்தாள். திரையில் இருந்த டீச்சரின் எக்ஸ்ரேயில், கடைவாய்ப்பல் மேல் போய் அம்புக்குறி அசையாமல் நின்றது. "நல்லாத்தானே இருக்கு?" அவர் வெடுக்கென்று வாங்கிப் பிடித்தார். அது மறுபடி பல்லைச் சுற்றிச் சுற்றி ஆடியது. மெர்லின் இப்போது அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். "கன்னம் கல்லு மாதிரி ஆயிடுச்சு டாக்டர், புடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடி, டீச்சர் வாயை அகலத் திறந்தாள்.