ஊதுங்க சார்!

"ஊது!"

கண்ணாடி ஆலை வாசலில் சூப்பர்வைசர் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாரமாகக் காலையில் இதே கூத்து. கலவை அறை ஆட்களில் மூன்று பேரை ஏற்கெனவே பேக்கிங்குக்குத் தள்ளியாயிற்று. மிச்சம் எதிரே நின்ற கலவைக்காரர் ஒருத்தர்தான்.

எரிச்சலோடு ஊதினார்.

"நீயும் பேக்கிங்தான். போ."

"சார், நான் ஒரு சொட்டு தொட்டதில்ல!"

"யோவ், சொல்றதக் கேளு..."

"ஒண்ணும் கேக்க வேணாம்! பன்னெண்டு வருஷமா சிக்னல் விளக்குக் கண்ணாடிக்குச் சிவப்பு ஏத்தறவன் நான். குடிகாரன் பட்டமா எனக்கு?"

மானம் போய்விட்டது. விறுவிறுவென்று ஆலை நர்ஸிடம் போனார்.

"நான் குடிக்கலன்னு எழுதிக் குடுங்க சிஸ்டர்."

"ஊதுங்கண்ணே."

"நீங்களுமா!"

ஊதினார். நர்ஸ் முகம் சுளித்தாள்.

"பூண்டு சாப்பிட்டீங்களா?"

"ஐயோ, என் பொண்டாட்டியும் இதையேதான் கேக்கறா. வீட்ல பூண்டே இல்ல, எங்க போய் தின்னுட்டு வர்றீங்கன்னு தினம் சண்டை!"

"அண்ணே, சிவப்புக்குப் போடற செலினியப் பொடி வேலை அது. பொடுகு ஷாம்பூல கூட செலினியம் இருக்கு, தலையில தேய்ச்சுக் கழுவினா போச்சு. தூசியா மூச்சுல போனா உடம்புல சேர்ந்துடும். அப்பதான் இப்படிப் பூண்டு வாடை வரும். உங்க அறையில தூசி இழுக்கிற ஃபேன் கெட்டு ஒரு மாசமாச்சுல்ல? அதான் சூப்பர்வைசர் மோந்து பாக்கறார். சாராயத்துக்கு இல்ல."

கலவைக்காரருக்குச் சுருக்கென்றது.

"அப்போ எங்க நாலு பேர் வேலைய யார் பாக்கறா?"

நர்ஸுக்குத் தெரியவில்லை. அவரே போய்ப் பார்த்தார்.

கலவை அறையில் ஒற்றை ஆள், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பொடியை நிறுத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தபோது, பேக்கிங்குக்குப் போன நால்வரும் வாசலை மறித்து நின்றார்கள்.

"வழி விடுங்கய்யா, நேரமாச்சு."

"ஊதுங்க சார்."

"என்ன விளையாட்டா?"

"ஊதுங்க!"

அலுத்துக்கொண்டே ஊதினார். பூண்டு வாடை ஆளைத் தூக்கியது.

கலவைக்காரர் அவர் கையிலிருந்த அறைச் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஃபேன் வர்ற வரைக்கும் நீங்களும் பேக்கிங்தான் சார். போங்க."